நாலரை மில்லிமீட்டர் குழல்: திண்டுக்கல் சமவெளியில் துப்பாக்கி சுடும் விளையாட்டு

திண்டுக்கல் சமவெளியில் துப்பாக்கி சுடுவது பொழுதுபோக்காகப் பரவலாகக் காணக் கிடைக்கும் இடம் திருவிழாக் கடைதான். கோட்டை மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழாவானாலும், பழனியின் தைப்பூசம், பங்குனி உத்திரமானாலும், ராட்டினமும் பஜ்ஜிக் கடையும் வந்து இறங்கும் இடத்தில் பலூன் சுடும் கடையும் வந்துவிடும். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், முன்னால் ஒரு மேசை, குழலை மடக்கிப் பெல்லட்டைச் செருகும் பழைய ஸ்பிரிங் துப்பாக்கி, இவ்வளவுதான் கடையின் முதலீடு. துப்பாக்கியின் சைட் பெரும்பாலும் சற்றே வளைந்திருக்கும். குறி தவறுபவர் தன் கையை நொந்துகொண்டு இன்னொரு முறைக்குக் காசு கொடுப்பார்.

அந்தத் துப்பாக்கியின் குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளில் வீரர்கள் ஏந்தும் துப்பாக்கிக்கும் அதே விட்டம்தான். சட்டமும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குல விட்டத்துக்குள் அடங்கி, பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்குபவர் அடையாளச் சான்று தந்தால் போதும். இந்தச் சிறிய விலக்கு இல்லாவிட்டால், சிறு நகரங்களில் இன்று காணும் துப்பாக்கி சுடும் விளையாட்டே உருவாகியிருக்காது. அதற்கு மேற்பட்ட எந்தத் துப்பாக்கிக்கும் சட்டம் நீண்ட காலமாகக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது.

அந்தக் கதவு சாத்தப்பட்ட வரலாற்றில் திண்டுக்கல்லுக்குத் தனிப் பங்கு உண்டு. மதுரை நாயக்கர் காலத்தில் 1605-இல் மலைமேல் கட்டத் தொடங்கிய கோட்டை, 18-ஆம் நூற்றாண்டில் மைசூர் வசம் போனது. 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்ட ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு இங்கே பீரங்கிப் படையையும் ஆயுதச் சாலையையும் ஒழுங்குபடுத்தினார். பின்னாளில் மைசூரை ஆண்டவர் படை நடத்தக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இந்த ஊர் என்றே சொல்லலாம். 1790-இல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சுற்று வட்டாரமும் அவர்களிடம் சேர்ந்தது.

பாளையக்காரர்களின் ஆட்களிடம் அன்று வேலும் வளரியும் மட்டும் இருக்கவில்லை. திரி வைத்துக் கொளுத்தும் துப்பாக்கியும் இருந்தது. விருப்பாட்சி கோபால நாயக்கர் உள்ளிட்டோர் ஆங்கிலேயருக்கு எதிராகச் சேர்ந்து அமைத்த கூட்டணி தோற்று, அவர் 1801-இல் தூக்கிலிடப்பட்ட பிறகு, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், மக்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது அதன் சாரம். வடஇந்தியாவில் 1857-க்குப் பிறகு நடந்த ஆயுதப் பறிப்பு, தென் தமிழகத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. தென் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் துப்பாக்கி வீட்டுப் பொருளாக நிலைக்காமல் போனதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் தேட வேண்டியதில்லை.

1878-இன் ஆயுதச் சட்டம் உரிம முறையை நாடு முழுவதற்கும் விரித்தது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது. அதனால் காலனிக் காலத்தில் குறி சுடும் விளையாட்டு வெள்ளையர், ஆங்கிலோ-இந்தியர், சமஸ்தான மன்னர்கள் என்ற சிறு வட்டத்துக்குள்ளேயே சுழன்றது. திருச்சியையும் மதுரையையும் திண்டுக்கல் வழியாக இணைத்த தென்னிந்திய ரயில்வேக்குத் தனியாக ஒரு தொண்டர் ரைபிள் படை இருந்தது. அதன் துப்பாக்கிப் பயிற்சியில் சாதாரணத் தமிழருக்கு இடம் கிடையாது. இந்தப் பாகுபாடு தேசிய இயக்கத்துக்கு உறுத்தலாக இருந்தது. காந்தி 1930-இல் அரசுக்கு முன்வைத்த 11 கோரிக்கைகளில் கடைசியானது, தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதே. 1931-இன் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகள் பட்டியலிலும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம்பெற்றது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் இருப்பதால் இந்தச் செய்தி இப்பகுதி வாசகருக்குச் சற்று வியப்பாகத் தோன்றலாம். காந்தி துப்பாக்கியை விரும்பியவர் அல்லர். ஆளும் இனத்துக்கு ஒரு சட்டம், ஆளப்படும் இனத்துக்கு வேறொரு சட்டம் என்பதைத்தான் அவர் எதிர்த்தார். விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தில் அந்த உரிமை இடம்பெறவில்லை. 1959-இன் ஆயுதச் சட்டம் உரிம முறையை அப்படியே தொடர்ந்தது. இனப் பாகுபாடு மட்டும் ஒழிந்தது.

இன்று இந்தச் சமவெளியில் உரிமத்தோடு உள்ள துப்பாக்கிகளைத் தோட்டக்காரர்கள், நிலக்கிழார்கள், தொழிலதிபர்கள், வங்கிக் காவலர்கள் என்று எளிதில் வகைப்படுத்திவிடலாம். பெரும்பாலும் அவை ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கிகள். ஒருவர் வைத்துக்கொள்ளக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019-இன் சட்டத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. ஒவ்வொரு தேர்தல் அறிவிப்புக்கும் பிறகு, உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவு வந்த பின் திரும்பப் பெறுவது வழக்கம். உள்ளாட்சி, சட்டமன்றம், மக்களவை என்று தேர்தல்கள் அடுத்தடுத்து வரும் ஊரில், துப்பாக்கி வீட்டுப் பரணில் இருந்த நாளுக்கு இணையாக ஸ்டேஷன் அறையில் இருந்த நாளும் கூடிவிடுகிறது.

உரிமம் இல்லாதவை இன்னொரு கணக்கு. சிறுமலை, நத்தம், அய்யலூர், கன்னிவாடி மலையடிவாரங்களில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்துக்குப் புதிதல்ல. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கெட்டித்து, பால்ரஸ் குண்டு போட்டுச் சுடும் அந்தத் துப்பாக்கிகள் உள்ளூர்ப் பட்டறைகளில் உருவானவை. முயலும் காட்டுப்பன்றியும் கடமானும் அவற்றின் இலக்கு. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைப் பொழுதுபோக்காகக் கருதும் வழியை அறவே அடைத்துவிட்டன. வேட்டையை நம்பி வாழ்ந்த நரிக்குறவர்களுக்கு அந்தச் சட்டம் தொழிலையே மாற்றச் சொன்னது. மன்னர்களும் ஜமீன்களும் துப்பாக்கியைச் சுவரில் மாட்டியதோடு அவர்களுடைய இழப்பு முடிந்தது. நரிக்குறவர்களோ பாசிமணி விற்கத் தெருவுக்கு வர நேர்ந்தது. 2022-இல் அய்யலூரை ஒட்டிய காடுகளும் கரூர் மாவட்டக் காடுகளும் சேர்ந்து 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. காட்டுப்பன்றியால் பயிர் அழிவதாக உழவர்கள் தொடர்ந்து முறையிட்டதால், 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்பது ஏற்பாடு. அங்கேயும் விசை வனத்துறையின் கையில்தான். துப்பாக்கி ஆர்வலரைத் துணைக்கு அழைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

இப்படி வேட்டைக்கும் வீட்டுப் பெருமைக்கும் இடம் சுருங்கிய பிறகு, ஆர்வம் உள்ளவர்க்கு மிஞ்சியது ரைபிள் கிளப். இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தோன்றியது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி. வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். அவர் பெயரில்தான் அகில இந்திய மாவ்லங்கர் போட்டி நடக்கிறது. தமிழகத்தில் ரைபிள் கிளப்புகள் பல காவல்துறையின் நிழலில் வளர்ந்தவை. காவல்துறை வளாகத்துக்குள் ரேஞ்ச் இருப்பதும், உயர் அதிகாரி ஒருவர் கிளப்பின் பொறுப்பில் இருப்பதும் இங்கே இயல்பு. இதனால் பாதுகாப்பு உறுதியாகிறது. ஆனால் உள்ளே நுழையத் தயங்குபவர்கள் நுழையாமலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது. திண்டுக்கல்காரருக்குப் பெரிய ரேஞ்ச் வேண்டுமென்றால் தெற்கே சுமார் 65 கிலோமீட்டரில் மதுரை, வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் திருச்சி. ஏர் ரைபிளுக்கு அந்தப் பயணம் கட்டாயமில்லை. பத்து மீட்டர் நீளமும் உறுதியான பின்சுவரும் உள்ள ஒரு கூடம் போதும். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவு இடத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்று சுடலாம். இந்த வகை சிறு நகரங்களுக்குப் பரவியதற்கு உரிம விலக்கோடு இந்த இட வசதியும் சேர்ந்துகொண்டது.

இந்தப் போட்டியின் நுட்பம் பலூன் கடையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் முழு விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர், பேனா முனை வைத்த பொட்டு அளவுதான். அதன் மேல் நாலரை மில்லிமீட்டர் பெல்லட் எவ்வளவு நடுவாக விழுகிறது என்பதை மின்னணு இலக்கு தசமத்தில் அளக்கும். ஒரு சூட்டுக்கு உச்சம் 10.9 புள்ளி. தகுதிச் சுற்றில் 60 சூடு, 75 நிமிடம், உச்சம் 654. இந்த விளையாட்டின் கடுமையை உணர ஓர் எடுத்துக்காட்டு போதும். கடலூர் மாவட்டத்தில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 புள்ளி எடுத்தார். சூட்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல். அவருக்குக் கிடைத்தது பத்தாம் இடம். இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் முதல் எட்டுப் பேர்.

இவ்வளவு துல்லியத்துக்குக் கைப்பலத்தைவிட உடலை அசையாமல் நிறுத்தும் பழக்கமே தேவை. துப்பாக்கியின் எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக் கூடாது. அதை இடக்கை விரல்கள் தாங்க, முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற, எடை முழுவதும் எலும்புகளின் வழியே தரைக்கு இறங்க வேண்டும். தசையால் தூக்கிப் பிடித்தவருக்குப் பத்தாவது சூட்டிலேயே கை நடுங்கும். கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட், கால்சட்டை, தட்டை அடிப்பாகமுள்ள காலணி ஆகியவை இதற்காகத்தான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, சில நொடிக்குள் சுட வேண்டும். நேரம் நீண்டால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. பெல்லட் போன பிறகும் ஒரு கணம் அதே நிலையில் குறியைப் பார்த்திருக்க வேண்டும். இதைக் கோச்சுகள் ஃபாலோ த்ரூ என்பார்கள். புதிதாக வருபவர் கடைசியாகக் கற்பதும் முதலில் மறப்பதும் அதுதான். தினமும் நூறு சூடு சுடுபவருக்கு 500 பெல்லட் அடங்கிய டப்பா ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்பது எல்லா ரேஞ்சிலும் பாலபாடம்.

போட்டிகள் படிப்படியாக ஏறுபவை. மாவட்டம், மாநிலம், தென் மண்டலம், தேசியத் தகுதிப் போட்டி, தேசியப் போட்டி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சப் புள்ளி உண்டு. தேசிய விதிப் பிரிவில் ஓப்பன் சைட் ஏர் ரைபிளுக்குத் தனிப் போட்டி இருக்கிறது. சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட் பொருத்திய வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெய்ர் போன்ற வெளிநாட்டு ரைபிள்கள் இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டுவதால், மிகக் குறைந்த விலைத் துப்பாக்கியோடு ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு உண்மையான உதவி. மேல் படிகளில் உரிய புள்ளியை எட்டியவர்களுக்கு ரினவுண்ட் ஷாட் என்ற தகுதி கிடைக்கும். அதைக் கையில் வைத்திருப்பவர் சாதாரண உரிமதாரரைவிடக் கூடுதல் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வாங்கலாம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். புள்ளியின் மேலுள்ள ஆசைக்குக் குறையாமல் இந்தத் தகுதியின் மேலும் ஆசை உண்டு என்பதைக் கிளப்பில் பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துகொள்ளலாம்.

காற்றுத் துப்பாக்கியைத் தாண்டியதும் செலவும் சட்டமும் சேர்ந்து ஏறுகின்றன. 50 மீட்டர் ரைபிளுக்கு 0.22 தோட்டா, டிராப், ஸ்கீட் போட்டிகளுக்கு 12 போர் துப்பாக்கி. டிராப்பில் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு ஒன்று, சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் பாய்ந்து வெளிவரும். எந்தப் பக்கம் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதை உடைக்க இரண்டு சூடு அனுமதி. தகுதிச் சுற்றுக்கு 125 தட்டு. சாதாரண உரிமதாரர் ஆண்டுக்கு வாங்கக் கூடிய தோட்டா 200. டிராப் வீரர் ஒரே போட்டியில் அதை ஏறக்குறையத் தீர்த்துவிடுவார் என்பதால், சங்கத்தின் சான்றோடு வரும் தனி ஒதுக்கீடு இல்லாமல் இந்த விளையாட்டு நடக்காது. தமிழகத்தில் டிராப் என்றதும் நினைவுக்கு வருவது புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பம். அக்குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸில் இந்தியாவுக்காகச் சுட்டார். சமஸ்தானத்து வேட்டைத் துப்பாக்கி களிமண் தட்டுக்குத் திரும்பிய கதை இந்தியா முழுவதும் நடந்ததுதான். 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்ற பிகானேர் மன்னர் கர்ணி சிங் அதன் முன்னோடி.

குடகு திண்டுக்கல்லுக்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. அங்கே கொடவர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பரில் வரும் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபட்டு, மரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி வைக்கிறார்கள். வீடுதோறும் துப்பாக்கி இருந்தால் குறி சுடுவது ஊர்த் திருவிழாவாகிறது. வீட்டில் துப்பாக்கி இல்லாத திண்டுக்கல்லில் அதே ஆசை கிளப் உறுப்பினர் அட்டையாகவும் பயிற்சிக் கட்டணமாகவும் மாறுகிறது. தமிழக ஆர்வலர் வட்டம் பள்ளி மாணவர், பொறியாளர், மருத்துவர், தொழில் நடத்துபவர் என்று நடுத்தர வர்க்க முகம் கொண்டிருப்பதற்குப் பண்பாட்டை மட்டும் காரணம் காட்ட முடியாது. உரிம விதிகளும் விலைப்பட்டியலும் சேர்ந்து வடிகட்டிய கூட்டம் அது.

அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களின் கண்ணை இந்த விளையாட்டின் பக்கம் திருப்பியதில் நடிகர் அஜித்குமாருக்குப் பங்குண்டு. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த 47-ஆவது மாநிலப் போட்டிக்கு அவர் போட்டியாளராக வந்தபோது ரேஞ்ச் வாசலில் ரசிகர் கூட்டம் திரண்டது. அசைவில்லாமல் நிற்பதே ஆட்டம் என்ற ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு கூட்டம் கூடியது அதிசயம்தான். உள்ளே நடந்ததைக் கூட்டம் பார்த்திருக்க வழியில்லை, பார்த்திருந்தாலும் பொறுமை இழந்திருக்கும்.

ஆர்வம் பெருகும்போது ரேஞ்சின் தரம் பற்றிய கேள்வியும் எழுகிறது. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பசுமலைப்பட்டி பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு ஒன்று வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையைத் தாக்கியது. சில நாளில் சிறுவன் இறந்தான். அது படையினர் பயிலும் தளம், விளையாட்டுத் தளம் அல்ல. ஆனாலும் பாடம் எல்லாத் திறந்தவெளித் தளங்களுக்கும் பொருந்தும். 0.22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடியது. அதற்குத் தக்க உயரத்தில் பின்மேடும், மேலே தப்பும் குண்டைத் தடுக்கும் தடுப்புச் சுவர்களும் வேண்டும். மலையைப் பின்சுவராக நம்பும் பழைய வழக்கம், ஊர்கள் மலையடிவாரம் வரை வளர்ந்துவிட்ட இன்றைக்குப் போதாது. சிறுமலை அடிவாரத்திலும் வீட்டுமனைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரேஞ்சுக்குள் நடக்கும் ஒழுங்கு இதைவிடக் கண்டிப்பானது. சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கயிறு செருகியிருக்க வேண்டும். லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்ற நான்கு கட்டளைகளுக்கு வெளியே யாரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை. காலித் துப்பாக்கியானாலும் குழல் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். மீறுபவர் எவ்வளவு பெரியவரானாலும் ரேஞ்ச் ஆபீசர் வெளியேற்றலாம்.

வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கைக் கற்றுத்தரும் வாசல் தேசிய மாணவர் படை. 1948-இன் சட்டத்தால் உருவான இப்படையின் மாணவர்கள், முகாமின்போது தரையில் படுத்து 0.22 ரைபிளால் ஐந்து தோட்டாக்களைச் சுட்டு, அவை எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளந்து பார்ப்பார்கள். குரூப்பிங் நன்றாக வந்தவர் மாநில அணிக்கும், அங்கிருந்து மாவ்லங்கர் போட்டிக்கும் போகலாம். அதற்குப் பிறகு சொந்தமாகத் தொடர வேண்டுமென்றால் வயது குறுக்கிடுகிறது. பொதுவாகத் துப்பாக்கி உரிமத்துக்கு 21 வயது நிரம்ப வேண்டும். 12 வயது முதல் பயிற்சி வீரராகப் பதிந்துகொண்டு கிளப் துப்பாக்கியால் மேற்பார்வையில் சுட விதிகள் இடம் தருகின்றன. ஆகவே பள்ளி முடிக்கும் மாணவர் ஒருவருக்குத் திண்டுக்கல்லில் நடைமுறையில் இருப்பவை இரண்டு வழிகள்: மதுரையிலோ திருச்சியிலோ கிளப்பில் சேர்ந்து வார இறுதியில் பஸ் ஏறுவது, அல்லது உரிமம் வேண்டாத நாலரை மில்லிமீட்டர் குழலோடு பத்து மீட்டர் கூடத்தில் தொடர்வது. முதல் வழியில் தோட்டாச் செலவு போகப் போகக் கூடும். இரண்டாவதில் துப்பாக்கிக்கு ஒருமுறை பணம் புரட்டிவிட்டால் அதன்பின் பெல்லட் செலவும் பயிற்சிக் கட்டணமும்தான்.